சேர்த்துவிட்டால் போதுமா? கரை சேர்க்க வேண்டாமா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் அரசு கலைக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவள். கல்லூரியில் படிக்கும் நம்ம பிள்ளைகளைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தீர்கள். பேசுவதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்டேன். "யார் வீட்டில் பிள்ளை காலேஜ் படிக்குது?" என்றதும் பாதிக்கு மேல் கை உயர்ந்தது. "உங்களில் யாரெல்லாம் காலேஜ் படிச்சீங்க?" என்றதும் ஐந்தாறு கைதான் உயர்ந்தது. இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம்தான் இன்றைக்கு நான் பேச வந்த விஷயம்.

வாசல் திறந்திருக்கிறது

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கின. அப்போது குழுவில் சேர்ந்த அம்மாக்களில் எத்தனையோ பேர் கைநாட்டு வைத்தவர்கள். இன்று அவர்களின் பேத்திகள் கல்லூரி வாசலில் நிற்கிறார்கள். மத்திய அரசு எடுத்த 2021-22-ம் ஆண்டு உயர்கல்விக் கணக்கெடுப்பில், 18 முதல் 23 வயது வரையுள்ளவர்களில் நூற்றுக்கு 47 பேர் என்ற அளவில் தமிழ்நாட்டில் கல்லூரிச் சேர்க்கை இருக்கிறது. இந்தியா முழுமைக்கும் இது 28.4 தான். நாம் ரொம்ப தூரம் முன்னால் வந்திருக்கிறோம்.

இது சும்மா நடந்துவிடவில்லை. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 2020-ல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல் மாதிரியான தொழிற்படிப்புகளுக்கும் அது வந்தது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2022 செப்டம்பர் 5-ல் புதுமைப்பெண் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்குக்கே வருகிறது. பிறகு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் அது கிடைத்தது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது.

ஆக, சேருவதற்கு வழி இருக்கிறது. ஆனால் சேர்ந்த பிள்ளைகள் எல்லாரும் பட்டம் வாங்கிவிடுகிறார்களா? முதலாமாண்டு வகுப்பில் நிரம்பி இருக்கும் பெஞ்சுகளில், மூன்றாமாண்டில் சில இடம் காலியாகக் கிடக்கிறது. அந்த இடத்தில் இருந்த பிள்ளைகள் எங்கே போனார்கள்? பெரும்பாலும் நம்ம வீட்டுப் பிள்ளைகள்தான் அவர்கள்.

அறிவில் குறை இல்லை

"அது படிக்கலை மேடம், அதுக்கு ஏறலை" என்று அம்மாக்களே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து இனி அப்படிச் சொல்லாதீர்கள். ஒரே வகுப்பில், பன்னிரண்டாம் வகுப்பில் ஒரே மார்க் வாங்கிய இரண்டு பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்தியின் அப்பா ஆசிரியர். இன்னொருத்தியின் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். இரண்டு பேருக்கும் முதல் பருவத்தில் ஒரு பாடம் போய்விடுகிறது. ஆசிரியர் வீட்டுப் பெண்ணுக்கு அன்று ராத்திரியே பதில் கிடைத்துவிடும். "அரியர்தானே, அடுத்த தடவை எழுதிக்கலாம். மார்க் சந்தேகமா இருந்தா மறுமதிப்பீட்டுக்குப் போடு, கடைசித் தேதி பார்த்துக்கோ" என்று அப்பா சொல்லிவிடுவார். நம்ம பிள்ளைக்கு அதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

என் வகுப்பில் ஒரு மாணவி அப்படித்தான் இருபது நாள் வரவில்லை. ஒரு பாடத்தில் பெயிலானால் கல்லூரியை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் பெயில் என்றால் அதே வகுப்பில் உட்காரணும், அதுதானே அவளுக்குத் தெரியும்? வீட்டில் மாப்பிள்ளை பார்க்கவே ஆரம்பித்துவிட்டார்கள். தேடிப் பிடித்து, "அடுத்த பருவத்தில் அந்தப் பேப்பரை எழுதிக்கலாம், வகுப்பு நிற்காது" என்று சொன்ன பிறகு வந்தாள். எழுதினாள். பாஸ் பண்ணினாள். அவளுக்குத் தேவைப்பட்டது பத்து நிமிடப் பேச்சு மட்டும்தான்.

இன்னொரு பிள்ளைக்கு ஆய்வகம் முடிய நாலரை ஆகும். அவள் ஊருக்குப் போகிற பேருந்து நாலேகாலுக்கு. அதை விட்டால் ஏழு மணிக்குத்தான். இருட்டில் வருகிறாள் என்று அப்பா சத்தம் போட, ஆய்வக நாளில் வருவதையே நிறுத்திவிட்டாள். காலை ஆய்வகப் பிரிவுக்கு மாற்றிக் கொடுத்தோம். பிரச்சினை தீர்ந்தது. மாற்றிக் கேட்கலாம் என்பதே அவளுக்குத் தெரியாது. யாரிடம் கேட்கணும் என்பதும் தெரியாது.

இன்னும் சொல்கிறேன். பள்ளியில் தமிழில் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு, இங்கே பாடம் இங்கிலீஷில். முதல் இரண்டு மாதம் ஒன்றும் புரியாது. தனக்கு மட்டும்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு வாயே திறக்காது. தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி அறிவிப்புப் பலகையில் இருக்கும், பார்க்காது. உதவித்தொகை வராது, வங்கிக் கணக்கோடு ஆதார் இணைக்காததுதான் காரணம் என்று தெரியாது.

வருகைக் கணக்கு ஒன்று இருக்கிறது. அதைக் கணக்கு எழுதுகிற நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்வீர்கள். பருவத்துக்கு 90 நாள் வகுப்பு. தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். அதாவது 22 நாளுக்கு மேல் லீவு போட முடியாது. கொஞ்சம் குறைந்தால் பணம் கட்டி எழுதலாம். ரொம்பக் குறைந்தால் அந்தப் பருவமே எழுத முடியாமல் போகலாம். காய்ச்சலுக்கு ஆறு நாள், ஊர்த் திருவிழாவுக்கு மூன்று நாள், மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு நாலு நாள், அறுவடைக்கு ஐந்து நாள், தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று நாலு நாள். கூட்டிப் பாருங்கள், 22 வந்துவிட்டது.

இவற்றில் எது அறிவுக் குறை? எதுவுமே இல்லை. படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு வீட்டிலேயே கிடைக்கிற வழிகாட்டல் நம்ம பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. அவ்வளவுதான். வீட்டில் கிடைக்காததைக் கல்லூரி கொடுக்க வேண்டும். அதுதான் நியாயம்.

பதிவேட்டில் இருக்கிற வழிகாட்டி

கல்லூரிகளில் அதற்கு ஏற்பாடு இல்லாமல் இல்லை. டியூட்டர் வார்டு முறை என்போம், மென்டர் முறை என்போம். ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக ஒதுக்கி வைப்பது. கல்லூரிகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் நாக் அமைப்பும் ஒரு வழிகாட்டி ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்று கேட்கிறது. அதனால் கல்லூரிகள் பட்டியல் போட்டு வைத்திருக்கும்.

ஆனால் பட்டியல் இருப்பது வேறு, வழிகாட்டல் நடப்பது வேறு. இதையும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கூட்டமே போடாமல் மாசக் கடைசியில் ஒரே நாளில் உட்கார்ந்து நாலு வாரத் தீர்மானத்தையும் எழுதி, வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குகிற குழு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தணிக்கைக்கு நோட்டு இருக்கும். குழு இருக்காது. மென்டர் முறையும் பல இடத்தில் அப்படித்தான். வருஷத்துக்கு ஒரு முறை படிவத்தை நிரப்பி, "பிரச்சினை ஒன்றும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு சரி.

ஆசிரியர்கள் மேல் முழுப் பழியும் போட முடியாது. ஒருவர் கையில் அறுபது எழுபது பிள்ளைகளைக் கொடுத்து, அதற்கென்று நேரமும் ஒதுக்காமல் விட்டால் அவர் என்ன செய்வார்? சில நல்ல ஆசிரியர்கள் சொந்த அக்கறையில் செய்கிறார்கள். ஆனால் அந்த ஆசிரியர் மாற்றலாகிப் போனால் அதுவும் போய்விடும். ஒருவருடைய நல்ல மனசை நம்பி மட்டும் இது இருக்கக் கூடாது. கல்லூரியின் ஏற்பாடாக இருக்க வேண்டும்.

செய்து பார்த்த ஓர் ஊர்

"இப்படி ஒரு ஆள் கூடவே இருந்தா மட்டும் பாஸ் பண்ணிடுவாங்களா?" என்று யாரும் கேட்கலாம். சரியான கேள்வி. இதைச் செய்து பார்த்து, கணக்கு எடுத்துச் சொன்ன ஊர் ஒன்று இருக்கிறது.

அமெரிக்காவில் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-ல் அசாப் என்று ஒரு திட்டம் தொடங்கியது. அங்கே இரண்டு ஆண்டுப் படிப்பு நடத்தும் கல்லூரிகளில் ஏழை வீட்டுப் பிள்ளைகள் நிறையப் படிப்பார்கள். அவர்களில் ரொம்பப் பேர் முடிக்காமல் நின்றுவிடுவார்கள். நம்ம கதைதான். இந்தத் திட்டத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆலோசகர். அவர் கையில் 60 முதல் 80 பிள்ளைகள் வரைதான். நாம் மேலே சொன்ன எண்ணிக்கைதானே என்று நினைக்காதீர்கள். இங்கே ஆசிரியர் பாடமும் நடத்தி, பேப்பரும் திருத்தி, மிச்ச நேரத்தில் பார்க்க வேண்டும். அங்கே அந்த ஆலோசகருக்கு முழுநேர வேலையே அதுதான். மாதத்துக்கு இரண்டு முறையாவது மாணவர் அவரைப் பார்த்தாக வேண்டும். கூடவே பாடப் புத்தகம் இலவசம், பயண அட்டை இலவசம், உதவித்தொகை போக மீதிக் கட்டணம் தள்ளுபடி, தனிப் பயிற்சி வகுப்பு எல்லாம் உண்டு.

இதனால் பலன் உண்டா என்று பார்க்க, ஒரே மாதிரி பிள்ளைகளைக் குலுக்கல் போட்டு இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு இந்தத் திட்டம். இன்னொன்றுக்கு வழக்கமான கல்லூரி. மூன்று ஆண்டு கழித்து எண்ணிப் பார்த்தார்கள். வழக்கமான பிரிவில் நூற்றுக்கு 22 பேர் படிப்பை முடித்திருந்தார்கள். திட்டத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கு 40 பேர். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 2015-ல் இந்த முடிவு வெளிவந்தது. ஒரு ஊரில் நடந்தது இன்னொரு ஊரில் நடக்குமா என்று ஒகையோ மாநிலத்தில் மூன்று கல்லூரிகளில் செய்து பார்த்தார்கள். அங்கேயும் 19 பேர் முடித்த இடத்தில் 35 பேர் முடித்தார்கள்.

கவனியுங்கள், குலுக்கலில் பிரித்த பிள்ளைகள். அறிவு இரண்டு பக்கமும் ஒன்றுதான். மாறியது ஏற்பாடு மட்டும்தான்.

அதே நாட்டில் அட்லாண்டா நகரில் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் இன்னொன்று செய்தது. கட்டணத்தில் சின்னத் தொகை பாக்கி வைத்ததால் பெயர் நீக்கப்படும் நிலையில் இருந்த பிள்ளைகளை அவர்களாகவே தேடிப் பிடித்து, அந்தப் பாக்கியை அடைத்துவிட்டார்கள். சராசரியாக ஆயிரம் டாலருக்கும் குறைவு. அந்த ஊருக்கு அது பெரிய தொகை இல்லை. ஆனால் பிள்ளை படிப்பை விடாமல் காப்பாற்றியது.

இது நமக்குத் தெரிந்த வித்தைதான்

இதையெல்லாம் படித்தபோது எனக்கு நம்ம குழுதான் ஞாபகம் வந்தது. பஞ்ச சூத்திரம் என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், காலத்தில் திருப்பிச் செலுத்துதல், சரியான கணக்குப் பதிவேடு. இதில் மூன்று அப்படியே கல்லூரிக்குப் பொருந்தும்.

தவறாத கூட்டம்: பிரச்சினை வந்தால் வா என்று சொல்லக் கூடாது. பிரச்சினை இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறிப்பிட்ட நாளில் சந்திக்க வேண்டும். கூட்டத்துக்கு ஒருத்தி இரண்டு வாரம் வரவில்லை என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டுவீர்கள். கல்லூரியும் அதைத்தான் செய்யணும். மூன்று நாள் வரவில்லையா, நாலாவது நாள் போன் போகணும்.

பதிவேடு: வருகை, அகத்தேர்வு மார்க், அரியர், உதவித்தொகை வந்ததா இல்லையா, இவை எல்லாம் ஒரே இடத்தில் வழிகாட்டி ஆசிரியர் கையில் இருக்கணும். பருவம் முடிந்த பிறகு பார்த்துப் பிரயோசனமில்லை. முதல் அகத்தேர்விலேயே யார் தடுமாறுகிறார் என்று தெரிந்துவிடும்.

உள்கடன்: அவசரத்துக்கு ஐந்நூறு, ஆயிரம் உடனே கிடைக்க வேண்டும். தேர்வுக் கட்டணத்துக்கு ஒரு வாரத்தில் வேண்டிய பணம் அடுத்த மாதம் வந்தால் என்ன பயன்?

கல்லூரியில் கேட்க வேண்டியவை

இதைக் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் விடாமல் கேளுங்கள்.

ஒன்று: சேர்க்கை நாளிலேயே, "எம்பொண்ணுக்கு வழிகாட்டி ஆசிரியர் யாருங்க?" என்று கேட்டு, பெயரும் எந்த நாளில் பார்க்கலாம் என்பதும் எழுதி வாங்குங்கள்.

இரண்டு: முதல் மாதத்துக்குள் அந்த ஆசிரியர் பிள்ளையைத் தனியாக ஒரு முறை சந்தித்தாரா என்று பிள்ளையிடம் கேளுங்கள். இல்லை என்றால் துறைத் தலைவரிடம் சொல்லுங்கள்.

மூன்று: தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்கு முதல் பருவத்தில் தனி வகுப்பு உண்டா என்று கேளுங்கள். இறுதியாண்டு அக்காக்களை வைத்து நடத்தினால்கூடப் போதும். முதலாமாண்டுப் பிள்ளை ஆசிரியரிடம் கேட்கக் கூச்சப்படுவதை அக்காவிடம் கேட்டுவிடும்.

நான்கு: பெற்றோர் கூட்டத்துக்குக் கூலியை விட்டுத்தான் வரணும், தெரியும். வர முடியாவிட்டால் போனிலாவது பேசுகிற ஏற்பாடு கேளுங்கள். குழுவிலிருந்து ஒருவர் நாலு பேருக்காகப் போய்க் கேட்டு வந்தாலும் சரிதான்.

ஐந்து: பிள்ளைக்கு யாராவது தொல்லை கொடுத்தால், சாதியைச் சொல்லிப் பேசினால், அதை வழிகாட்டி ஆசிரியரோடு முடித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒவ்வொரு கல்லூரியிலும் பாலியல் தொல்லைக்கு எதிரான உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். 2013-ம் ஆண்டுச் சட்டம் அது. ராகிங் என்றால் 1800-180-5522 என்ற இலவச எண் இருக்கிறது.

வீட்டிலும் குழுவிலும் செய்ய வேண்டியவை

கல்லூரியை மட்டும் கேட்டுவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது. வீட்டு வேலைக்குப் பெண்ணை நிறுத்துவதற்கு முன்னால் அந்த 22 நாள் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். "அரியர் வச்சுட்டியா?" என்று திட்டுவதற்கு முன்னால் "எப்ப திரும்ப எழுதணும்?" என்று கேளுங்கள். திட்டினால் அடுத்த தடவை மறைப்பாள். மறைத்தால் நமக்குத் தெரியும்போது எல்லாம் முடிந்திருக்கும். மாதம் வரும் ஆயிரம் ரூபாய் அவள் படிப்புக்கு என்று விடுங்கள். வாரத் தவணைக்கு அதில் கை வைக்காதீர்கள்.

இன்னொன்று, மென்டர் என்பவர் நமக்கு உளவு சொல்கிறவர் இல்லை. பிள்ளை நம்பி ஒன்றைச் சொன்னால் அதை அவர் அப்படியே நம்மிடம் சொல்லிவிட்டால், அதோடு பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். "எம்பொண்ணு என்ன சொன்னா?" என்று துருவாதீர்கள். "நாங்க என்ன செய்யணும்?" என்று கேளுங்கள்.

நம்ம ஊரில் பட்டம் முடித்த பெண்கள் இப்போது இருக்கிறார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் இந்தச் சொத்து நமக்கு இல்லை. உதவித்தொகை விண்ணப்பம் போட, மறுமதிப்பீட்டுக்கு எழுத, எந்தப் பாடத்துக்கு எந்தப் புத்தகம் என்று சொல்ல, அவர்கள் போதும். முதலாமாண்டு பிள்ளைகள் ஐந்து பேருக்கு ஓர் அக்கா என்று பிரித்துக் கொடுத்துவிடலாம். கல்லூரி செய்ய வேண்டியதற்கு இது மாற்று இல்லை. கல்லூரி செய்கிறதா என்று நமக்குத் தெரியவருவதற்கும் இந்த அக்காக்கள்தான் கண்.

ஆகவே கூட்டமைப்புக்கு நான் வைக்கும் வேண்டுகோள் மூன்றுதான். முதலாவது, ஒவ்வொரு குழுவிலும் கல்லூரி படிக்கும் பிள்ளைகளின் பட்டியலை எடுங்கள். பெயர், கல்லூரி, ஆண்டு, வழிகாட்டி ஆசிரியர் பெயர் என்று நாலு கட்டம் போதும். நாலாவது கட்டம் எத்தனை இடத்தில் காலியாக இருக்கிறது என்று பாருங்கள். அந்தக் காலிக் கட்டங்களை எடுத்துக்கொண்டு கூட்டமைப்பின் பெயரில் முதல்வரைப் போய்ப் பாருங்கள். தனி அம்மா போனால் "அப்புறம் வாங்க" என்பார்கள். கூட்டமைப்பு போனால் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். இரண்டாவது, தேர்வுக் கட்டணத்துக்கென்று ஒரு சிறு தொகையை ஒதுக்கி வையுங்கள். கேட்ட இரண்டு நாளில் கொடுத்து, உதவித்தொகை வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். மூன்றாவது, பருவத்துக்கு ஒரு முறை குழுக் கூட்டத்தில் "நம்ம பிள்ளைகள் எல்லாரும் காலேஜ் போறாங்களா?" என்று கேட்டு, பதிலைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

கடன் வாங்கியவள் தவணை தவறினால் ஒரே வாரத்தில் நமக்குத் தெரிந்துவிடுகிறது. நம்ம பிள்ளை படிப்பை விட்டதும் அதே வேகத்தில் தெரியணும். இந்த விழா முடிந்து அடுத்த கூட்டத்திலேயே அந்தப் பட்டியலை எடுக்கத் தொடங்குங்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன், கூட உட்கார்ந்து எழுதுவோம்.